இரண்டாம் தரம் கேட்காமல் போன பெண்

தம்பி,

நான் சுகம். அம்மாவும் சுகம்; குளிர் கூடினால் மட்டும் அவளுடைய இடது கால் போன வருடத்து யூலை மாதத்தை ஞாபகப்படுத்துகிறது. இந்தக் கடிதத்தைச் சிட்னியில் பிரிக்கும்போது, அப்பா யாரையோ பிடித்து எழுதுவித்திருக்கிறார் என்று நினைப்பாய். இல்லை. இது என் கை. சந்தையில் மூட்டை தூக்கிய கை, பிறகு இந்த நாட்டில் இறைச்சிப் பெட்டிகள் தூக்கிய கை, இப்போது ஒரு பென்சிலைத் தூக்குகிறது. பென்சில்தான் பாரமாக இருக்கிறது. இங்கே டார்னெய்ட் நூலகத்தில் செவ்வாய்க்கிழமைத் தமிழ் எழுத்து வகுப்புக்கு நான் போவதை அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். பொழுது போகாமல் போகிறேன் என்று நீ விட்டிருப்பாய். நீ சின்னவனாகச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போன காலத்தில், நான் வகுப்புக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். உள்ளே வர வெட்கம். அந்த வெட்கம் இப்போது போய்விட்டது. வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் எனக்கு வாசித்துக் காட்டியவன் நீ. இனி நான் எழுதுவதை நீ இருந்து வாசிக்க வேண்டும். இதை நினைத்து நேற்று முழுவதும் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தேன். "என்னப்பா, கட்டின பல்லு கழண்டு போச்சோ?" என்று அம்மா கேட்டாள்.

வகுப்பில் விரும்பிய ஒரு சொல்லை எழுதச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர் முருகன் என்று எழுதினார். நான் புயல் என்று எழுதினேன். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டைப் பிய்த்து எறிந்த அவ்வளவு சத்தமும் மூன்று எழுத்துக்குள் வந்து படுத்துக் கிடந்தது. என்னுடைய முதல் கடிதம் உனக்கு, அந்தப் புயலைப் பற்றி என்று அப்போதே முடிவு செய்தேன். வகுப்பு ரீச்சர் இதை ஆண்டு மலரில் போடக் கேட்கிறார். போடட்டும், எங்கள் ஆட்கள் நாலு பேர் வாசித்தால் நல்லதுதான். ஆனால் காரணம் வேறு. போன கிழமை நீ தொலைபேசியில் கலியாண அலுவல்களை எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். மண்டபம், சாப்பாடு, மேளம். இடையில், அந்தப் புயலன்று எங்களிடம் வந்த டெப் கலியாணத்துக்கு வரவில்லை என்றாய். "கேட்டனான் அப்பா. குடும்ப விசயம், நான் என்னத்துக்கு எண்டு சொல்லிப்போட்டா. நோ வொறீஸ்" என்றாய். உனக்குக் கவலையில்லை, தம்பி. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்று சொல்ல நான் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். நான் பொறுமையாக எழுதுகிறேன், நீயும் பொறுமையாக வாசி.

அது பள்ளி விடுமுறைக் காலம். ஷாலினி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள் என்பதால் அந்தக் கிழமைதான் அவளால் சிட்னியிலிருந்து வர முடிந்தது. கட்டப்போகிற பெண்ணை நாங்கள் அதுவரை நேரில் கண்டதில்லை. அதற்கு முன்னமே வந்து எங்களோடு நின்ற நீ, டண்டினோங் மலையில் ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுத்து, காலையில் எங்களைக் கொண்டுவந்து இறக்கி, சாமான்களைக் குசினியில் வைத்துவிட்டு, அவளை விமான நிலையத்தில் ஏற்றிவரப் போனாய். பின்னேரம் நாலு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவதாகப் பேச்சு. மருமகள் வரப்போகிறாள் என்று அம்மா இறால் குழம்பு வைத்தாள். வீட்டைச் சுற்றி யூக்கலிப்டஸ் மரங்கள். நுனியைப் பார்க்க வேண்டுமென்றால் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். இவ்வளவு வளர்ந்த மரத்தை நான் எந்த ஊரிலும் கண்டதில்லை. பார்க்கப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது. நீ போய்க் கொஞ்ச நேரத்தில் காற்று தொடங்கியது.

முதலில் அது தூரத்தில் ரயில் வருவது போல இருந்தது. பிறகு அந்த ரயில் எங்கள் தலைக்கு மேலே ஓடத் தொடங்கியது. மழை மேலேயிருந்து விழவில்லை; பக்கவாட்டில் வந்து கண்ணாடியில் கல் எறிவது போல அறைந்தது. மரங்கள் ஒன்றையொன்று பிடித்து உலுக்கின. கைத்தடிப் பருமன் கிளைகள் முற்றத்தில் வந்து குத்திட்டு நின்றன. றோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மரம் பாதியில் முறிந்தது. அந்த முறிவுச் சத்தம் கேட்டதும் அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் இருவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். வன்னியில், சண்டைக் காலத்தில் கேட்டது. உனக்கு ஞாபகம் இருக்காது. விழுந்த மரம் மின்கம்பத்தையும் இழுத்துக்கொண்டு போனது. கம்பி நீலமாகப் பொறி தள்ளிக்கொண்டு றோட்டில் துடித்தது. வீட்டில் வெளிச்சம் போனது. உனக்கு எடுத்துப் பார்த்தேன், தொலைபேசியும் செத்துவிட்டது.

அப்போதுதான் டெப் வந்தார். சரிவில் கொஞ்சம் கீழே, மரமில்லாத வெளியில் ஒரு செங்கல் வீடு தெரிந்ததே, அது அவருடையது. அதற்கு முன் நாங்கள் அவரைக் கண்டதும் இல்லை, அவர் எங்களைக் கண்டதும் இல்லை. சின்ன உருவம், நரைத்த தலையில் கம்பளித் தொப்பி, முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, உடம்பெல்லாம் தண்ணீர். கதவைத் தட்டவில்லை, குத்தினார். நான் திறந்ததும் வீட்டுக்குப் பின்னால் நின்ற மரங்களைக் காட்டி, அவை நிற்கிற மண் இளகிவிட்டது, இந்த வீடு நல்லதில்லை, என் வீட்டுக்கு வாருங்கள், அங்கே நெருப்பு இருக்கிறது, சூப் இருக்கிறது என்று காற்றுக்கு மேலே கத்தினார். எனக்கு எல்லாம் விளங்கியது. நான் சிரித்தேன். தலையை ஆட்டினேன். "நோ, நோ. தாங்க் யூ. வீ ஆர் ஓகே" என்றேன். அந்த நேரம் உன் அம்மா எனக்குப் பின்னால் சப்பாத்துப் போட்டு, சால்வையைச் சுற்றி, இறால் சட்டியின் மூடியைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள், தம்பி. போவதற்கு. நானும் போகத்தான் நினைத்தேன். டெப் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். "ரைட்டோ" என்றார். திரும்பிப் போய்விட்டார்.

நாங்கள் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு பார்த்தோம். அவர் குனிந்து குனிந்து சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, அவ போறா" என்றாள் அம்மா.

"திரும்பி வருவா."

"வாறமாதிரித் தெரியேல்லயே."

"வருவா. ஒருக்காத்தானே கேட்டவ."

அம்மா சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். டெப் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

இரண்டு நாள் கழித்து மருத்துவமனை நடைபாதையில் வைத்து நீ என்னைக் கேட்டாய், முதலில் இங்கிலீசிலும் பிறகு தமிழிலும்: "அவ வந்து கேட்டவதானே அப்பா. ஏன் போகேல்ல?" உன் குரல் உயர்ந்தது. ஷாலினி உன் கையைப் பிடித்தாள். அன்றைக்கு எனக்கு வாயால் சொல்லத் தெரியவில்லை. எழுதினால் சொல்லலாம் போல இருக்கிறது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அம்மாவின் சொந்தக்காரர் ஒருவருடைய வீட்டுக்குப் போனது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்த வீட்டு அன்ரி வந்து, "தம்பி, கேக் சாப்பிடுறீங்களோ?" என்று கேட்டார். நீ உடனே "ஓம்" என்றாய். அம்மா மேசைக்குக் கீழே உன் காலை மிதித்தாள். நீ "ஏனம்மா மிதிக்கிறீங்கள்?" என்று சபையில் கேட்டாய். எனக்கும் அம்மாவுக்கும் நல்ல பசி. எங்களையும் கேட்டார், வேண்டாம் என்றோம். திரும்பக் கேட்டார், இப்பதான் சாப்பிட்டு வந்தனாங்கள் என்றோம். மூன்றாம் தரம் கேட்க வாய் எடுத்தபோது அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அவர் ஓடிப் போனார், கேக் பேச்சு அதோடு போயிற்று. நீ மட்டும் இரண்டு துண்டு சாப்பிட்டாய். வீடு வரும்வரை அம்மா உன்னைத் திட்டினாள். நான் உன் சட்டையில் ஒட்டியிருந்த துகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்களுக்கு முதல் தரம் கேட்பது மரியாதைக்கு. முதல் வேண்டாமும் மரியாதைக்கு. உண்மையான கேள்வியும் உண்மையான பதிலும் அதற்குப் பிறகுதான் வரும். அது பொய் இல்லை, தம்பி. மற்றவருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் முதலில் வாயைத் திறக்கிறது, தேவை பின்னால் நிற்கிறது. டெப்புடைய ஆட்களுக்கு அப்படி இல்லை. அவர்கள் கேட்டால் கேட்டதுதான். வேண்டாம் என்று சொன்னால், அந்த ஆள் வளர்ந்த ஆள், தனக்கு என்ன வேண்டுமென்று தெரிந்த ஆள் என்று நம்பிப் போய்விடுவார்கள். அதுவும் மரியாதைதான். இரண்டு மரியாதையும் அந்தக் கதவடியில் சந்தித்துக்கொண்டன. அதனால் உன் அம்மா செத்திருப்பாள்.

அடுத்த மரம் எங்கள் பக்கம் முறிந்தது. அம்மா இறால் சட்டியைக் கீழே போட்டுவிட்டு மேசைக்குக் கீழே பாய்ந்தாள். யோசித்துச் செய்யவில்லை. வன்னியில் எத்தனை தரம் அப்படிப் பாய்ந்த உடம்பு. என்னையும் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் பிடித்து இழுத்தாள். என் தலையும் தோளும் மேசைக்குக் கீழே போன நேரம் கூரை வந்தது. உடைந்தது என்று எழுதினால் காணாது. கூரை வந்தது. ஓடுகளும் பலகைகளும் தண்ணீரும், ஒரு மாட்டின் உடம்பு அளவு கிளையும், எல்லாம் ஒரே அடியாக அறைக்குள் வந்தன. தடித்த மரத்தில் செய்த பழைய மேசை அது; முனகியது, நின்றது. நான் கண்ணைத் திறந்தபோது மேலே கூரை இருந்த இடத்தில் வானம் இருந்தது. மழை நேரே வாய்க்குள் விழுந்தது. நான் காலை இழுத்தேன், வந்தது. அம்மாவுடைய கால் வரவில்லை. கூரை மரம் ஒன்று விழுந்து, அவளுடைய காலை மேசைக் காலோடு சேர்த்து நசுக்கிப் பிடித்திருந்தது. இரத்தமும் மிளகாய்க் குழம்பும் ஒன்றாக நிலத்தில் ஓடின. எது எது என்று தெரியவில்லை.

நான் மரத்துக்குக் கீழே தோளைக் கொடுத்துத் தூக்கினேன். வாழ்நாள் முழுவதும் பாரம் தூக்கிப் பிழைத்தவன் நான். அது அசையவில்லை. திரும்பத் தூக்கினேன், என் முதுகில் ஏதோ அறுந்தது போலச் சுளீரென்றது. அப்போதுதான் குசினிச் சுவரில் விழுந்த ஓட்டை வழியாகப் பின்பக்கம் தெரிந்தது. வீட்டோடு ஒட்டினாற்போல இன்னொரு மரம் நின்றது, விழுந்ததிலும் பெரியது. காற்று அடிக்கும்போது அதன் அடியில் மண் ஒரு பாய் அளவுக்கு மேலே எழும்பியது. காற்று விட்டதும் கீழே போனது. எழும்பியது, போனது. நித்திரையில் ஒரு பெரிய மிருகம் மூச்சு விடுவது போல. ஒவ்வொரு தரமும் முன்னையதிலும் கொஞ்சம் கூடுதலாக எழும்பியது. அது விழுந்தால் எங்கள் மேல்தான் விழும். நான் கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது.

கதவுப் பக்கம் இடித்துச் சத்தம் கேட்டது. நிலை கோணிக் கதவு இறுகிப்போயிருந்தது. ஒரு கோடரி முனை பலகையைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தது, போனது, திரும்ப வந்தது. பிறகு ஒரு ரப்பர் சப்பாத்து கதவின் பாதியை உதைத்து உள்ளே தள்ளியது. டெப் வந்தார். எங்கள் கூரையில் மரம் விழுந்ததைத் தன் வீட்டிலிருந்து கண்டிருக்கிறார். ஒரு கையில் கோடரி, மறு கையில் மரம் அறுக்கும் இயந்திர வாள். வரும்போதே திட்டிக்கொண்டு வந்தார். மரத்தைத் திட்டினார், வீட்டுக்காரனைத் திட்டினார், என்னையும் நன்றாகத் திட்டினார். அந்தச் சொற்களை எழுத எனக்கு எழுத்துத் தெரியும், ஆனால் இதை அம்மா வாசித்துக் காட்டச் சொல்வாள். குனிந்து அம்மாவின் காலைப் பார்த்தார். பின் சுவரின் ஓட்டை வழியாக மூச்சு விடும் மண்ணைப் பார்த்தார். பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

என் முகத்துக்குக் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார். இந்த மரத்தை அறுத்தால் பாரம் எந்தப் பக்கம் உருளும் என்று தெரியாது. வாள் காலுக்கு மிகக் கிட்டப் போகும். கால் போகலாம். அறுக்காவிட்டால் எல்லாரும் போகலாம். அறுக்கவா?

அம்மாவுக்கு இங்கிலீசு விளங்காவிட்டாலும் வாள் விளங்கியது. கீழே கிடந்தபடி டெப்பின் கையைத் தள்ளினாள். "வேண்டாம் பிள்ளை. நீங்கள் போங்கோ. என்னாலை உங்களுக்கு ஏன் கரைச்சல்? இவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். கால் நசுங்கிக் கிடக்கிறது, மரம் விழப் போகிறது, அப்போதும் அவளுக்கு மற்றவருக்குக் கரைச்சல் கொடுக்கிறோமே என்ற கவலை. டெப் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

"யெஸ்" என்றேன். "ஷீ சே யெஸ். கட்."

அப்படி ஒரே தரத்தில் நான் யாருக்கும் யெஸ் சொன்னதில்லை.

டெப் இயந்திர வாளின் கயிற்றை இழுத்தார், அது அலறிக்கொண்டு எழும்பியது. அந்தச் சின்ன அறைக்குள் அந்தச் சத்தம் புயலை வெளியே தள்ளிவிட்டது. பெற்றோல் புகை, மரத்தூள், தண்ணீர். நான் அம்மாவின் முகத்தை என் தோளில் அழுத்திப் பிடித்தேன். அவள் என் தோளைக் கடித்தாள். அந்த அடையாளம் இன்னும் இருக்கிறது. கூரை மரம் இரண்டாகி அந்தப் பக்கம் உருண்டது. அந்தப் பக்கம்தான் உருண்டது, தம்பி. டெப் வாளை எறிந்துவிட்டு அம்மாவை இரண்டு கக்கத்திலும் பிடித்துக் கண்ணாடித் துண்டுகளுக்கு மேலால் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். நான் எங்கள் மருந்துப் பையை எடுக்கக் குனிந்தேன். அவர் திரும்பி வந்து என் கழுத்துப்பட்டியில் பிடித்து, படிக்கு வெளியே எறிந்தார். உண்மையாகவே எறிந்தார். நான் சேற்றில் முகம் அடிபட விழுந்தேன்.

நீ அம்மாவின் இடுப்பில் இருந்த காலத்தில் ஒரு நாள் ஷெல் வந்தபோது, வழியில் யாரென்றே தெரியாத ஒரு மனிதன் அம்மாவைத் தலைமயிரில் பிடித்து இழுத்துத் தன் பங்கர் குழிக்குள் போட்டான். அவளுடைய மயிர் ஒரு பிடி அவன் கையோடு போனது. நீங்கள் இருவரும் உயிரோடு இருந்தீர்கள். அவன் பெயர் எங்களுக்குத் தெரியாது. சேற்றில் கிடந்தபோது அவனை நினைத்தேன். இரக்கம் என்றால் மெதுவாகப் பேசும், தலையைத் தடவும் என்று படங்களில் காட்டுகிறார்கள். எனக்குக் கிடைத்த பெரிய இரக்கம் எல்லாம் கதவை உடைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டு, பிடித்து எறிந்துதான் வந்திருக்கிறது.

பின்னால் நின்ற மரம் அப்போது விழுந்தது. நிலம் துள்ளியது. வீடு இருந்த இடத்தில் இலைகள்தான் தெரிந்தன. அதன் நுனிக் கிளை ஒரு சாட்டை போல வந்து, கடைசியாக இறங்கிய டெப்பைக் காலில் அடித்து வீழ்த்தியது. எழும்பப் பார்த்தார், முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. முகம் சுண்ணாம்பாகிவிட்டது. நான் ஓடிப் போனேன். கையை நீட்டித் தடுத்தார். எனக்கு ஒன்றுமில்லை, நான் ஊர்ந்து வருவேன், நீ மனைவியைக் கொண்டு போ, கதவு திறந்திருக்கிறது, போ என்றார். தெளிவாக, உறுதியாகச் சொன்னார். பக்கத்தில் வேறொரு மரம் முறியத் தொடங்கிய சத்தம் கேட்டது. அவருடைய ஆட்களில் ஒருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய சொல்லை மதித்து அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். நான் எங்கள் ஆள். ஒரு தரம் சொன்ன வேண்டாமை நான் நம்புவேனா? குனிந்தேன். ஒரு கையைப் பிடித்து என் தோளுக்கு மேலால் இழுத்து, மூட்டையை ஏற்றுவது போல முதுகில் ஏற்றினேன். அவர் அலறினார். இறக்கு, இறக்கு என்று கைமுட்டியால் என் முதுகில் குத்தினார். முதுகு ஏற்கனவே சுளுக்கியிருந்தது. குத்துகள் சரியாக அந்த இடத்தில் விழுந்தன. அம்மா முற்றத்தில் கிடந்த கிளை ஒன்றை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் ஸ்வெற்றரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளி வந்தாள். சரிவில் சேறு. இரண்டு தரம் மூன்று பேரும் ஒன்றாக விழுந்தோம். விழும்போதெல்லாம் டெப் விட்டுவிட்டுப் போ என்றார். விழும்போதெல்லாம் நான் ஏற்றினேன். அப்படியே அவருடைய கதவுக்குள் போய் விழுந்தோம்.

உள்ளே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. சூப் அடுப்பில் இருந்தது. டெப்பைச் சோபாவில் கிடத்தினேன். அவர் சொல்லச் சொல்ல, இரண்டு விறகுத் துண்டுகளை வைத்து அவர் காலைக் கட்டினேன். அம்மாவின் காலைத் துவாயால் சுற்றினேன். எல்லாரும் நடுங்கிக்கொண்டிருந்தோம். டெப் பல்லைக் கடித்துக்கொண்டு, சூப் வேண்டுமா என்று கேட்டார். அம்மாவும் நானும் ஒரே மூச்சில் "யெஸ்" என்றோம். அம்மாவுக்கு அந்தச் சொல்லின் அருமை அன்றைக்கு விளங்கிவிட்டது. பூசணிக்காய் சூப். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. அம்மா இரண்டு கோப்பை குடித்தாள்.

பிறகு டெப் கேட்டார், முதலிலேயே ஏன் வரவில்லை என்று. என் இங்கிலீசில் சொன்னேன்: எங்கள் ஆட்கள், முதல் தரம் நோ, இரண்டாம் தரம் நோ, மூன்றாம் தரம் யெஸ். டெப் என்னை உற்றுப் பார்த்தார். மூன்றாம் தரம் யாரும் கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்றார். "தென், ஹங்ரி" என்றேன். அவர் சிரித்தார். சிரிக்கக் கால் குலுங்கியது, கால் குலுங்க அலறினார், அலறிவிட்டுத் திரும்பச் சிரித்தார். வெளியில் மரங்கள் விழுந்துகொண்டே இருந்தன. அப்போது அவர் சொன்ன ஒன்றை நான் உனக்கு இதுவரை சொல்லவில்லை. அவருடைய கணவர் இறந்தபோது மலையில் உள்ள எல்லாரும் வந்தார்களாம். ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்களாம். நான் சமாளிப்பேன் என்று சொன்னாராம். எல்லாரும் நல்லவர்கள், சொன்னதை நம்பிப் போய்விட்டார்களாம். "நான் சொன்னதை நம்பாத முதல் ஆள் நீதான்" என்றார்.

அடுத்த நாள் காலையில் மீட்புத் தொண்டர்கள் மரங்களை அறுத்து வழி எடுத்துக்கொண்டு வருமுன்பே நீயும் ஷாலினியும் விழுந்த மரங்களுக்கு மேலாக ஏறி நடந்து வந்தீர்கள். பொலிஸ் மறித்த இடத்தில் காரை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஷாலினி முழங்கால் வரை சேற்றோடு உள்ளே வந்தாள். வணக்கம் சொல்லவில்லை, சுகம் கேட்கவில்லை. நிலத்தில் இருந்து, அம்மாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, "ஆன்ட்டி, கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்குங்க" என்று மலேசியத் தமிழில் சொல்லிக்கொண்டே துவாயை அவிழ்த்தாள். பிறகு அவள் பாட்டுக்கு டெப்பின் தலைக்குக் கீழே தலையணையைச் சரி செய்தாள். எதையும் கேட்கவில்லை. நாங்கள் மருமகளைப் பார்த்தது அப்படித்தான். இறால் குழம்பு இல்லாமலே எல்லாம் சரியாக நடந்தது.

எனவே உனக்கு என் புத்தி இதுதான். இந்த நாட்டில் யாராவது உனக்கு உதவி தர வந்தால், முதல் தரமே ஓம் சொல்லிப் பழகு. நீ சின்ன வயதில் கேக்குக்குச் சொன்னது போலச் சொல்லு. அம்மா இனி மிதிக்க மாட்டாள். ஆனால் நீ கொடுக்கிற பக்கம் நிற்கும்போது மட்டும் எங்கள் ஆளாக இரு; முதல் வேண்டாமை நம்பாதே. எல்லா வேண்டாமும் அப்படி இல்லை, அது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்வது சோறு கொடுப்பதையும் தோள் கொடுப்பதையும். களைத்து வந்திருக்கும் ஷாலினி ஒன்றுமில்லை என்று சொன்னால், ரைட்டோ என்று போய்விடாதே. தேத்தண்ணியைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வை.

இனி டெப்பின் விசயம். அவருக்கு இப்போது ஒரு கால் கொஞ்சம் கட்டை. மலையிலிருந்து இறங்குவது குறைவு. நீ தொலைபேசியில் ஒரு தரம் கேட்டாய், அவர் வேண்டாம் என்றார், நீ அவரை விட்டுவிட்டாய். கலியாணக் கிழமை நீ இங்கே வந்து நிற்பாய்தானே. ஞாயிற்றுக்கிழமை ஷாலினியையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போ. தொலைபேசியில் அறிவிக்காதே. அம்மா அவருக்கு ஒரு பட்டுச் சால்வை எடுத்து வைத்திருக்கிறாள், அதைக் கொண்டு போ. முன் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரை அவருக்கு என்று சொல்லு. குடும்ப விசயம் என்பார். அது இரண்டாம் தரம். தலையை ஆட்டிக்கொண்டு அங்கேயே நில், திரும்ப ஒருக்கால் கேள். காரின் கதவைச் சாத்தாதே. மழை பெய்தால் இருக்கை நனையட்டும்.

பயப்படாதே. எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியும். நான்தானே சொல்லிக் கொடுத்தேன். தொலைபேசியை வைத்த நாளிலிருந்து அவர் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, திரைச்சீலையை விலக்கி, வாசல் படலையைப் பார்த்தபடி நிற்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்பா